செயலாளர் வகுப்பு

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்றால் நம்மில் பலருக்குப் புத்தகக் கண்காட்சிதான். புழுதி, பஜ்ஜி வாசனை, தோளை அறுக்கும் துணிப்பை, "எந்த வரிசையில நிக்கிற, சத்தமா பேசு" என்று செல்போனில் கத்தும் நண்பர்கள். மைதானத்துக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே ஒரு கல்லூரி இருக்கிறது. பலர் அதை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. அந்தக் கல்லூரிக்கும் மார்த்தாண்டத்துத் தேனுக்கும் கூடைப்பந்துக்கும் ஒரே வேர் என்று யாராவது சொல்லியிருந்தால் சில வருஷத்துக்கு முன்னால் நானும் சிரித்திருப்பேன்.

அந்த வேர் ஒரு வேலை. 'செயலாளர்' என்று பெயர். கட்சிச் செயலாளர் இல்லை, சங்கச் செயலாளரும் இல்லை. ஊர்விட்டு ஊர் வந்த இளைஞர்களோடு பழகுவது, அவர்களுக்குப் படிக்க, விளையாட, தங்க வழி செய்வது, கூடவே கடவுளைப் பற்றிப் பேசுவது. இதையே சம்பளத்துக்குச் செய்கிற முழுநேர ஆள். இன்று இளைஞர் பணியாளர் என்கிறோம். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இப்படி ஒரு தொழில் உலகத்தில் இல்லை. பாதிரியார் உண்டு, வாத்தியார் உண்டு, இவர் இரண்டும் இல்லை. அப்படியொருவரை எப்படிப் பயிற்றுவிப்பது? ஒரு மதத்தின் பேரில் தொடங்கிய அமைப்பு, அந்த மதத்தைச் சேராத இளைஞனை என்ன செய்வது? இந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்து நடந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

தொடக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், வேகமாகக் கடந்துவிடலாம். 1844 ஜூன் 6. லண்டனில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற 22 வயது இளைஞர், தன்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரை வைத்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். கடையிலேயே வேலை, கடை மாடியிலேயே படுக்கை, நாளுக்குப் பன்னிரண்டு பதினாலு மணி நேரம் நிற்பது. நம்ம தி.நகர் ஜவுளிக்கடைகளில் நிற்கிற பையன்களையும் பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டால் போதும். வில்லியம்ஸுக்கு வேண்டியிருந்தது ஜெபமும் பைபிள் வாசிப்பும். ஆனால் வந்தவர்களுக்கு வாசகசாலை வேண்டியிருந்தது, இரவு வகுப்பு வேண்டியிருந்தது, உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டியிருந்தது. சங்கம் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா போனபோது இந்தத் தேவைகள் கட்டடங்களாகவே எழுந்தன. கட்டடம் வந்தால் அதை நடத்த ஆள் வேண்டும்.

1885-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், டேவிட் ஆலன் ரீட் என்ற போதகர் ஒரு பள்ளி தொடங்கினார். கிறிஸ்தவ ஊழியர்களுக்கான பள்ளி என்று பெயர். இன்றைய ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி அதுதான். ஒய்.எம்.சி.ஏ. செயலாளர்களை உருவாக்குவது அதன் முக்கிய வேலை. இரண்டு வருஷம் கழித்து லூதர் கூலிக் என்ற இளைஞர் வந்து உடற்பயிற்சித் துறையை எடுத்துக்கொண்டார். மிஷனரிகளின் பிள்ளை, ஹவாய் தீவில் பிறந்தவர். அவர் போட்ட முக்கோணம்தான் இன்றுவரை ஒய்.எம்.சி.ஏ. சின்னத்தில் இருக்கிறது: ஆவி, மனம், உடல். உடல் என்பது பாவத்தின் கொள்கலன் என்று நினைத்துப் பழகிய ஒரு மதச்சூழலில், உடலுக்கும் சம பக்கம் கொடுத்தது சாதாரண விஷயமில்லை. அந்தக் காலத்துப் பக்திமான்கள் பலருக்கு இது உறுத்தியிருக்கிறது.

1891 குளிர்காலம். கூலிக்குக் கீழே ஒரு வகுப்பு, பதினெட்டுப் பேர். விளையாட்டு வாத்தியாராகப் படிக்க வந்தவர்களின் வகுப்பு இல்லை இது, செயலாளர் வேலைக்குப் படிக்க வந்தவர்களின் வகுப்பு. வயதில் கொஞ்சம் மூத்தவர்கள், வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். வெளியே பனி. உள்ளே தினமும் ஒரு மணி நேரம் கட்டாய உடற்பயிற்சி: கையைத் தூக்கு, இறக்கு, குனி, நிமிர், அணிவகுத்து நட. அவர்கள் வெறுத்தார்கள். இரண்டு பயிற்றுநர்கள் முயன்று கைவிட்டார்கள். மூன்றாவதாக அந்த வகுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் தலையில் விழுந்தது. கனடாக்காரர், இறையியல் படித்தவர், போதகராகப் போகவேண்டியவர் உடற்பயிற்சி பக்கம் வந்துவிட்டார். கூலிக் அவருக்கு இரண்டு வாரம் கொடுத்தார்.

நெய்ஸ்மித் முதலில் செய்தது நாம் எல்லாரும் செய்வதுதான், வெளியே ஆடும் விளையாட்டை அப்படியே உள்ளே கொண்டுவருவது. கால்பந்தைச் சுவருக்குள் ஆடினால் அடிபட்டது. லக்ரோஸ் மட்டையைச் சுழற்றினால் இன்னும் மோசம். அதற்குப் பிறகு உட்கார்ந்து யோசித்தார். முரட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது? பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவனைத் தடுக்க அவனை இடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. அப்போ ஓடவே கூடாது என்று வைத்தால்? பந்தைக் கையில் வாங்கியவன் நின்ற இடத்திலிருந்தே எறியட்டும். இலக்கு தரையில் இருந்தால் பலம் கொண்டு அடிப்பார்கள், தலைக்கு மேலே இருந்தால் பக்குவமாகப் போட்டாக வேண்டும். கட்டடத்தின் காவலாளியிடம் பெட்டி கேட்டார், பெட்டி இல்லை, பீச் பழக்கூடைதான் கிடைத்தது. பால்கனி விளிம்பில் ஆணியடித்தார்கள். விளிம்பு பத்தடி உயரத்தில் இருந்தது, இன்றும் வளையம் பத்தடியில்தான் இருக்கிறது. பதிமூன்று விதிகளைத் தட்டச்சு செய்து ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். அந்த முதல் ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யத்தில் முடிந்தது.

கூடைப்பந்தின் வரலாற்றை விளையாட்டின் வரலாறாகத்தான் சொல்வார்கள். எனக்கு அது பயிற்றுமுறையின் வரலாறாகவே படுகிறது. நாளைக்கு ஊர் ஊராகப் போய் இளைஞர்களைக் கவரவேண்டிய பதினெட்டுப் பேர், தங்களுக்குக் கொடுக்கப்பட்ட பாடமே சலிப்பாக இருக்கிறது என்று முரண்டு பிடித்தார்கள். அவர்களை ஒழுங்கீனம் என்று வெளியே அனுப்பியிருக்கலாம். பெரும்பாலான மதப் பள்ளிகளில் அதுதான் நடந்திருக்கும். இங்கே வாத்தியார் பாடத்தை மாற்றினார். விதிகள் 1892 ஜனவரியில் பள்ளியின் 'டிரையாங்கிள்' பத்திரிகையில் அச்சாயின. படித்து முடித்தவர்கள் போன இடமெல்லாம் எடுத்துப்போனார்கள். அந்த வகுப்பில் ஜப்பானிலிருந்து வந்த ஒருவரும் இருந்தார். அதே 1892-இல் பக்கத்து ஊர் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை, லிதுவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பெண், இதைத் தன் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அமைப்பின் பெயரிலேயே இளம் ஆண்களும் கிறிஸ்தவர்களும்தான் இருந்தார்கள். விளையாட்டுக்கு அந்த இரண்டு வேலியும் சில மாதம்கூடத் தாங்கவில்லை.

ஆனால் அமைப்புக்கு வேலி இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். 1869-இல் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. ஒரு முடிவெடுத்தது: சுவிசேஷத் திருச்சபைகளின் உறுப்பினர்கள் மட்டுமே முழு உறுப்பினர்கள், வாக்கும் பதவியும் அவர்களுக்கே. மற்றவர்கள் இணை உறுப்பினர்கள். வரலாம், படிக்கலாம், விளையாடலாம், முடிவெடுக்க முடியாது. கறுப்பினத்தவருக்குத் தனிக்கிளைகள் இருந்தன. அந்தப் பிரிவினையை ஒழிக்கவேண்டும் என்று தேசிய அளவில் தீர்மானம் போட 1946 ஆயிற்று. 'எல்லோரும் வாருங்கள்' என்று பலகையில் எழுதுவதற்கும், வந்தவருக்கு நாற்காலி கொடுப்பதற்கும் நடுவில் எத்தனை வருஷம் பாருங்கள்.

1890-இல் டேவிட் மக்கோனகி சென்னைக்கு வந்து ஒய்.எம்.சி.ஏ.வை நிறுவினார். ஃபிலடெல்பியா வணிகர் ஜான் வானமேக்கர் கொடுத்த பணத்தில் எஸ்பிளனேடில் எழுந்த சிவப்புக் கட்டடம் இன்றும் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே நிற்கிறது. அமெரிக்கச் செயலாளர்கள் அந்த இரண்டு அடுக்கு உறுப்பினர் முறையையும் மூட்டையோடு கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் இணை உறுப்பினர் என்பது ஓரத்து விஷயம். சென்னையில் கதை வேற. பிரசிடென்சியிலும் சட்டக்கல்லூரியிலும் படித்த பையன்கள் பெரும்பாலும் இந்துக்கள். அவர்கள் டென்னிஸுக்கும் வாசகசாலைக்கும் சொற்பொழிவுக்கும் வந்தார்கள். பைபிள் வகுப்புக்கும் சிலர் வந்தார்கள், இங்கிலீஷுக்காக. யாருக்காக நடக்கிறதோ அவர்களுக்கே வாக்கில்லாத ஒரு சங்கம்! இந்த முரணைத் தினமும் முகத்துக்கு நேரே பார்க்கவேண்டியிருந்தவர் செயலாளர்தான்.

அந்த இடத்துக்குத் தமிழர்கள் வந்தார்கள். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா 1895-இல் ஒய்.எம்.சி.ஏ. பணிக்கு வந்து பதினாலு வருஷம் ஊர் ஊராகச் சுற்றினார். 1910-இல் எடின்பரோ மாநாட்டு மேடையில் வெள்ளை மிஷனரிகளின் முகத்துக்கு நேராக, எங்களுக்கு உங்கள் தியாகமெல்லாம் கிடைத்தது, நட்பு கிடைக்கவில்லை என்ற பொருளில் பேசி மண்டபத்தை நெளிய வைத்தார். 1912-இல் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்திய பேராயர். மற்றவர் சேலத்தில் பிறந்த கே.டி. பால். 1916-இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளர். கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்று வாதாடிய தேசியவாதி, முதல் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். 1931-இல் காலமானார். தமிழில் இவரைப் பற்றி நாம் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் எண்ணம்.

இலக்கிய வாசகர்களுக்கு ஒரு இடைச்செருகல். ஒய்.எம்.சி.ஏ.வின் இலக்கியச் செயலாளர் ஜே.என். ஃபர்குஹர், அசரியாவோடு சேர்ந்து 'இந்திய மரபு' என்ற பொருளில் ஒரு நூல்வரிசை திட்டமிட்டார். அந்த வரிசையில் 1921-இல் கிங்ஸ்பரியும் ஃபிலிப்ஸும் மொழிபெயர்த்த தேவார திருவாசகத் தொகுதி வந்தது. ஈரோட்டில் மிஷனரியாக இருந்து பிறகு ஒய்.எம்.சி.ஏ.வுக்கு வந்த ஹெச்.ஏ. பாப்லி மொழிபெயர்த்த திருக்குறளும் வந்தது. கே.டி. பாலின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் இதே பாப்லிதான். பிறமதத்து இளைஞனோடு பழகவேண்டியவன் அவன் நூல்களைப் படித்திருக்கவேண்டும் என்பது இதற்குள் இருந்த எண்ணம். இதில் ஒரு மேட்டிமை இருந்தது. இந்து மதத்தின் தேடல் கிறிஸ்துவில்தான் நிறைவடையும் என்று ஃபர்குஹர் 1913-இலேயே புத்தகம் எழுதியவர். உன் வீடு அழகு, ஆனால் கூரை எங்களிடம் இருக்கிறது என்பதுபோல. இருந்தாலும், வீட்டுக்குள்ளே வந்து பார்த்துவிட்டுச் சொன்னார் என்பதையும் மறுக்க முடியாது.

இனி நந்தனம். ஹாரி குரோ பக் என்ற பென்சில்வேனியாக்காரர், ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர், 1919-இல் சென்னை வந்தார். மறுவருஷமே உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது என்று அந்தக் கல்லூரி சொல்லிக்கொள்ளும். அதற்கு முன் நம் பள்ளிகளில் இருந்தவர் டிரில் மாஸ்டர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற சிப்பாய். லெஃப்ட் ரைட், பிரம்பு, விசில், அவ்வளவுதான் பாடம். பக் உடற்கூறு சொல்லிக்கொடுத்தார், முதலுதவி சொல்லிக்கொடுத்தார், ஒரு வகுப்பை எப்படிக் குழுவாகப் பிரித்து யாரும் ஓரத்தில் நிற்காமல் ஆடவைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். எல்லா மதத்தவரும் சேரலாம். மைதானத்தில் ஒரே அணியில் ஆடவேண்டியவர்களை உறுப்பினர் அட்டை பார்த்துப் பிரிக்க முடியாதே. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியின் மேலாளர் அவர்தான். விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் போட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் ரொம்ப காலம் ஊரூராக நடுவர்கள் தீர்ப்பு சொன்னார்கள். 1943-இல் இறந்தார்.

நம் எல்லோருக்கும் ஒரு பி.டி. சார் இருந்திருப்பார். எனக்கும் இருந்தார். கணக்கு வாத்தியார் பீரியடைக் கடன் வாங்கிக்கொண்டு போனபோதெல்லாம் தகராறு செய்து மீட்டுக்கொடுத்தவர். அவர் நந்தனத்தில் படித்தவர் என்பது அப்போது எனக்கு ஒரு தகவலே இல்லை.

ஆனால் கே.டி. பால் கேட்ட கேள்விக்கு நந்தனத்தில் விடை இல்லை. இந்திய இளைஞன் எங்கே இருக்கிறான்? எஸ்பிளனேடில் இல்லை, கிராமத்தில் இருக்கிறான், கடனில் இருக்கிறான். டென்னிஸ் மட்டையை வைத்துக்கொண்டு அவனிடம் போக முடியாது. 1910-களிலேயே பால் ஒய்.எம்.சி.ஏ.வைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பக்கம் திருப்பினார். அந்த வழியில் வந்தவர்தான் டேன் ஸ்பென்சர் ஹேட்ச். கார்னெல் பல்கலைக்கழகத்து ஆள். 1920-களில் திருவிதாங்கூரின் தென்கோடியில் மார்த்தாண்டத்தில் ஒரு மையத்தை நிறுவினார். அவரும் அவர் மனைவி எமிலியும் சேர்ந்து நடத்தினார்கள்.

போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு 'மார்த்தாண்டம் திட்டம்' ஒரு வரி: சாந்திநிகேதன் பக்கத்து ஸ்ரீநிகேதன், குர்கான், மார்த்தாண்டம், பரோடா என்று மனப்பாடம் செய்வார்கள். அந்த ஒரு வரிக்குள் இருப்பதில் எனக்குப் பிடித்த விஷயம், ஹேட்ச் கூலிக்கின் முக்கோணத்தை உடைத்தது. ஆவி, மனம், உடல் என்ற மூன்றோடு பொருளாதாரம், சமூகம் என்று இரண்டு பக்கம் கூட்டி ஐந்து பக்கமாக்கினார். ஸ்பிரிங்ஃபீல்டின் மாணவனுக்குச் சாப்பாடு பிரச்சினை இல்லை, அதனால் முக்கோணம் போதுமாயிருந்தது. பனையேறியின் மகனுக்கு அது போதாது. 1924-இல் வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக மனிதர்கள் மறியல் செய்துகொண்டிருந்த அதே திருவிதாங்கூர் இது. சமூகம் என்ற பக்கத்தை விட்டுவிட்டு இங்கே எந்தப் பாடமும் நடத்த முடியாது.

மார்த்தாண்டத்தில் வருஷாவருஷம் ஆறு வாரம் செயல்முறைப் பயிற்சிப் பள்ளி நடக்கும். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்று எல்லாரும் வந்தார்கள், பல மாகாணங்களிலிருந்து. பாதி நேரம் வகுப்பு, பாதி நேரம் கை வேலை. வெள்ளை லெகான் சேவலை நாட்டுக்கோழியோடு சேர்த்தால் முட்டை எப்படிக் கூடும், முட்டையை எப்படித் தரம் பிரித்துக் கூட்டுறவாக விற்பது, பனைவெல்லத்தை எப்படிச் சுத்தமாகக் காய்ச்சுவது. நாடகம் போடுவார்கள், பஜனை வைப்பார்கள். ஹேட்சின் முதல் விதி: செய்துகொடுக்காதே, செய்யச் சொல்லிக்கொடு, பக்கத்தில் நில். நன்கொடை கேட்டு வருபவரை அவர் ஊக்குவிக்கவில்லை. பரோடா மன்னர் அழைத்து 1930-களில் கோசம்பாவில் இதே மாதிரி மையம் ஒன்றும் அமைத்தார். ஒரு இந்து மன்னர் தன் ஊழியர்களைப் பயிற்றுவிக்க ஒரு கிறிஸ்தவ அமைப்பின் ஆளைக் கூப்பிட்டார் என்பதை இன்றைய செய்திகளோடு வைத்துப் பார்க்கிறேன்.

தேனீ வளர்ப்புதான் இதில் பெரிதாக நிலைத்தது. அதற்கு முன் தேன் எடுப்பது என்றால் பொந்தில் புகை போட்டு, அடையைப் பிய்த்து, முட்டையும் புழுவுமாகச் சேர்த்துப் பிழிவது. தேன் கலங்கல், கூடு காலி. நகரும் சட்டம் வைத்த பெட்டியில் அப்படியில்லை. சட்டத்தைத் தூக்கி, மெழுகுமூடியைச் சீவி, சுழற்றும் இயந்திரத்தில் வைத்தால் தேன் தெறித்து வரும். அடை அப்படியே திரும்பப் பெட்டிக்குப் போகும். நாட்டுத் தேனீ சிறியது, ஐரோப்பியப் பெட்டி அதற்குப் பெரிது. அதனால் சிறிய பெட்டி செய்தார்கள், மார்த்தாண்டம் பெட்டி என்றே தேனீ வளர்ப்புப் புத்தகங்களில் பெயர். குமரி மாவட்டத் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்தே வருவதில்லை என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியம். ரப்பர் மரத்தின் இளம் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு அது. இலையுதிர்ந்து துளிர்க்கும் மாசி, பங்குனியில் பெட்டிகளைத் தோட்டங்களுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

எங்க பாட்டாவிடம் இருபது பெட்டி இருந்தது. எங்கே படித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஒய்.எம்.சி.ஏ.ல படிச்ச ஆளு ஒருத்தரு, அவருகிட்ட எங்க அண்ணன் படிச்சான், அண்ணன்கிட்ட நான் படிச்சேன் மக்கா" என்றார். பாட்டா அம்மன் கோயில் கொடைக்கு வரி எழுதுகிறவர். அந்த அமைப்பின் மதம் அவருக்கு ஒரு விஷயமாகவே இல்லை. அவரிடம் படித்துக்கொண்டு போனவர்களில் சர்ச்சுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள், தக்கலைப் பக்கத்து முஸ்லிம் வீட்டார் ஒருவரும் இருந்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952 அக்டோபர் 2-ஆம் தேதி அரசு சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கி, கிராம சேவக்குகளைப் பயிற்றுவித்து அனுப்பியது. மார்த்தாண்டம் மாதிரியான பழைய சோதனைகள் அந்தத் திட்டத்தின் முன்னோடிகள் என்று பாடநூல்கள் சொல்லும். கிராம சேவக்குக்கு ஜீப் வந்தது, படிவம் வந்தது, இலக்கு வந்தது. பக்கத்தில் நிற்கிற வேலைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அதுதான் அந்தத் திட்டத்தின் கோளாறு என்று நினைக்கிறேன். பெரிய அளவில் செய்யும்போது தவிர்க்க முடியாதது என்று பொருளியல் படித்த நண்பன் சொல்கிறான். எங்களுக்குள் இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

1991, 92-இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவியது. பெட்டியைத் திறந்தால் அறைகளில் புழுக்கள் தலை நிமிர்ந்தபடி நீர் கோத்துச் செத்துக் கிடக்கும். குமரியிலும் கேரளத்திலும் கூடுகள் கொத்துக் கொத்தாக அழிந்தன. பாட்டாவின் இருபதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காலிப் பெட்டிகளை வெயிலில் காயவைத்துத் திண்ணையில் அடுக்கிவிட்டு, ரெண்டு வருஷம் அவற்றைத் தொடவில்லை. அப்புறம் ஒருநாள் தக்கலைக்காரர் சாக்கில் பொதிந்து ஒரு கூட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவர் வீட்டில் நோயிலிருந்து தப்பியது மூன்றோ நாலோ, அதில் ஒன்றைப் பிரித்து எடுத்துவந்திருந்தார். பாட்டா காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, "உங்ககிட்ட படிச்ச அன்னைக்கு நீங்க கேட்டீங்களா" என்றாராம்.

2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாட்டா அப்போது இல்லை. பெட்டிகள் இருக்கின்றன, இப்போது பதினொன்று.